எச்டி ரிசீவர்: அட்டையின் பொடி எழுத்தைச் சரிபார்த்த கதை

எச்டி சாட்டிலைட் ரிசீவர் வாங்கப் போனால் அட்டைப்பெட்டியில் முதலில் கண்ணில் படுவது 1080 என்ற எண், படத்தின் கோடுகளின் எண்ணிக்கை. அதே அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இன்னொரு பட்டியல் இருக்கும்: 950–2150 மெகாஹெர்ட்ஸ், 13/18 வோல்ட், டிவிபி-எஸ்2, டைசெக் 1.0. கடைக்காரரும் அதைப் படிப்பதில்லை, வாங்குகிறவரும் படிப்பதில்லை. ஆனால் டிவியில் படம் வருமா, நிற்குமா, மழைக்குத் தாங்குமா என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்தப் பொடி எழுத்துதான். 1080 என்பது கடைசியில் வருகிற கணக்கு.

திருமங்கலம் பக்கம் சித்தப்பா வீட்டில் ஒரு எச்டி ரிசீவர் மக்கர் பண்ணியது. அதைச் சரிசெய்கிற சாக்கில் பொடி எழுத்துப் பட்டியலை ஒவ்வொன்றாக மீட்டரும் டிஷ்ஷும் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

மாடியில் இரண்டு டிஷ். ஒன்று டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கான 60 சென்டிமீட்டர் கேயூ பேண்ட் (11000 மெகாஹெர்ட்ஸ் வட்டார அலைவரிசை) டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய அதே இலவச சேவை. இப்போது கிழக்கே 93.5 டிகிரியில் நிற்கும் ஜிசாட்-15இல் இருந்து வருகிறது. இன்னொன்று பழைய எட்டடி வலை டிஷ், சி பேண்டுக்கு (4000 மெகாஹெர்ட்ஸ் வட்டாரம்). அது 66 டிகிரியில் உள்ள இன்டெல்சாட்-17ஐப் பார்த்து நிற்கிறது. டிஷ்ஷின் முன்னால் இருந்து சிக்னலை வாங்கிக் கீழே அனுப்பும் கருவிக்கு எல்என்பி என்று பெயர். இரண்டு எல்என்பியும் ஒரு டைசெக் ஸ்விட்ச் (எந்த டிஷ் என்பதை ரிசீவரின் உத்தரவுப்படி மாற்றுவது) வழியாக ஒரே கேபிளில் ரிசீவருக்கு இறங்குகின்றன.

கோளாறு என்னவென்றால், காலையில் பெட்டியைப் போட்டதும் சி பேண்டில் பாதி சேனல்கள் வராது. அரை மணி நேரம் ஓடவிட்டால் அவையே வந்துவிடும். ஃப்ரீ டிஷ் சேனல்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. "போர்டு போயிருச்சு, புதுசு வாங்கிக்கங்க" என்று கடையில் சொல்லிவிட்டார்களாம்.

வராத சேனல்களைக் குறித்துக்கொண்டே வந்தால் விஷயம் பிடிபடும். வராதவை அத்தனையும் எச், அதாவது அலை குறுக்காக அசையும் கிடைமட்டத் துருவம். வருபவை எல்லாம் வி, அலை மேலும் கீழுமாக அசையும் செங்குத்துத் துருவம். மாடியில் இருக்கும் எல்என்பிக்குத் தனியாக மின்சாரம் கிடையாது. ரிசீவர்தான் அதே கேபிள் வழியாக அனுப்புகிறது. 13 வோல்ட் வந்தால் எல்என்பி செங்குத்துக்கு மாறும், 18 வோல்ட் வந்தால் கிடைமட்டத்துக்கு மாறும். உத்தரவும் சாப்பாடும் ஒரே கம்பியில் போகிற ஏற்பாடு. எச் மட்டும் வரவில்லை என்றால் 18 வோல்ட் சரியாகப் போகவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். டிஷ்ஷையோ, ரிசீவருக்குள் சிக்னலைப் பிடிக்கும் ட்யூனரையோ அதற்குப் பிறகு பார்க்கலாம்.

இந்த வோல்டேஜை கேபிளைக் கழற்றிவிட்டு அளந்தால் பயனில்லை. சுமை இல்லாதபோது எந்தச் சப்ளையும் நல்ல பிள்ளையாக நிற்கும். பெட்டியின் மூடியைத் திறந்து, கேபிள் மாட்டியபடியே, ட்யூனர் சாக்கெட்டின் நடு முள் போர்டில் இறங்கும் இடத்தில் மீட்டரின் சிவப்பு முனையை வைத்தேன். கறுப்பு முனை ட்யூனரின் தகர உறையில். இது 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பெட்டி என்பதால் திறந்து வைத்து அளப்பதில் பயமில்லை. உள்ளேயே பவர் சப்ளை வைத்த பெட்டியாக இருந்தால் 230 வோல்ட் ஏசி டயோடுகளைத் தாண்டியதும் பெரிய கப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் அங்கேயே இருக்கும். அந்தப் பெட்டிகளில் பழக்கமில்லாதவர்கள் கைவைக்கக் கூடாது.

வி சேனலில் 13.2 வோல்ட். எச் சேனலுக்கு மாற்றியதும் 15.1. ஏறக்குறைய 14 வரை செங்குத்து, 16க்கு மேல் கிடைமட்டம் என்பதே எல்என்பிகளின் வழக்கம். நடுவில் எந்தப் பக்கம் சாயும் என்பது அந்தந்த எல்என்பியைப் பொறுத்தது. 15.1இல் இந்த எல்என்பி செங்குத்திலேயே நின்றுவிட்டது. பெட்டி சூடாகச் சூடாக மீட்டரில் எண் மெல்ல ஏறியது. 16ஐத் தாண்டியதும் எச் சேனல்கள் தாமாகவே வந்து நின்றன.

குளிரில் மோசம், சூட்டில் தேவலை என்றால் எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர் காய்ந்துவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். உள்ளே இருக்கும் திரவம் வற்றினால் அதன் உள்தடை கூடும். சூடானால் அந்தத் தடை கொஞ்சம் இறங்கும். இருந்தாலும் அடாப்டரை முதலில் பார்த்தேன். எச் சேனலிலும் 11.8 வோல்ட், ஆடாமல் நின்றது. அடாப்டர் தப்பித்தது. அப்புறம் 12 வோல்ட்டை 18க்கு உயர்த்தும் பகுதிக்குப் போனேன். ட்யூனருக்குப் பக்கத்தில் ஒரு சிறு காயில், ஒரு டயோடு, அதை ஒட்டி 100 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் கப்பாசிட்டர். அதன் தலையில் இருக்கும் சிலுவைக் கோடு விரலால் தடவினால் தெரிகிற அளவுக்குப் புடைத்திருந்தது. கண்ணால் பார்த்தால் சட்டென்று தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் தெரியும்.

18 வோல்ட் ஓடும் இடத்தில் 25 வோல்ட் கப்பாசிட்டர் போடுவது தப்பில்லை. ஆனால் காற்றோட்டமே இல்லாத பெட்டியில், சூடாகும் காயிலை ஒட்டி வைத்தால் அதன் ஆயுள் குறைவுதான். 100 மைக்ரோ ஃபாரட்டில் 35 வோல்ட், 105 டிகிரி தாங்கும், உள்தடை குறைந்த வகை ஒன்றை வாங்கிப் போட்டேன். விலை ஒரு டீக்கு மேல் போகாது. பழையதைவிட உயரம் கொஞ்சம் கூடுதல். மூடி இடிக்கும் என்பதால் கால்களை வளைத்துப் படுக்கவைத்து, காயிலைத் தொடாமல் விலக்கிவிட்டு ஈயம் வைத்தேன். பக்கவாட்டுக் கோடு இருக்கும் கால் மைனஸ். அதை மாற்றி வைத்தால் வெடிக்கும். முடித்துவிட்டுப் போட்டதும், பெட்டி குளிர்ந்த நிலையிலேயே 17.8 வோல்ட் வந்தது. எச் சேனல்கள் அத்தனையும் உடனே வந்தன.

அட்டையில் "13/18 வோல்ட், அதிகபட்சம் 400 மில்லி ஆம்பியர்" என்று ஒரு வரி இருக்கும். என் கணக்கில் இதுதான் ரிசீவரின் முதல் தகுதி. எச்டி, பதிவு வசதி, யூஎஸ்பி எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

வோல்டேஜ் ரிசீவரில் சரியாக இருந்தாலும் மாடிக்குப் போய்ச் சேர வேண்டுமே. கேபிளைப் பார்த்தேன். ஆர்ஜி-6, நடுக்கம்பி செம்பு நிறம். ஒரு சிறு காந்தத்தைக் காட்டியதும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. அதாவது உள்ளே இரும்பு, மேலே செம்பு முலாம். சந்தையில் கிடைப்பதில் பெரும்பாலானது இதுதான். சிக்னலுக்கு இதனால் பெரிய நட்டமில்லை, உயர் அலைவரிசை கம்பியின் மேல்தோலில்தான் ஓடும். டிசி மின்சாரத்துக்கோ முழுக் கம்பியும் தேவை. முலாம் பூசிய இரும்புக் கம்பிக்கு 100 மீட்டருக்கு 9 ஓம் போலத் தடை. முழுச் செம்பு என்றால் 2 ஓம்தான். சித்தப்பா வீட்டில் ஓடுவது 30 மீட்டருக்குள், அதனால் அரை வோல்ட்தான் போகிறது. 17.8இல் அரை போனால் கவலையில்லை. ஏற்கெனவே 16இல் தள்ளாடும் பெட்டிக்கு அந்த அரை வோல்ட் உயிர். தென்னந்தோப்பைத் தாண்டி டிஷ் வைத்திருப்பவர்கள் முழுச் செம்புக் கேபிள் தேடிப் போடலாம்.

அடுத்து ஃப்ரீ டிஷ் பக்கம். படம் வந்துகொண்டிருந்தது, ஆனால் குவாலிட்டி பார் பாதியைத் தாண்டவில்லை, சிறு தூறலுக்கே கட்டம் கட்டமாக உடையும் என்று சித்தி சொன்னார். மெனுவில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு பார் இருக்கும். ஸ்ட்ரெங்த் என்பது கேபிளில் வந்து சேரும் மொத்தச் சத்தம். நல்ல சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தது. டிஷ்ஷை வெறும் வானத்துக்குத் திருப்பினாலும் அது எண்பதைக் காட்டும். பார்க்க வேண்டியது குவாலிட்டி. எல்என்பியிலிருந்து வருவதில் பயனுள்ள பங்கு எவ்வளவு என்பதை அதுதான் சொல்கிறது.

தெற்கே இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஃப்ரீ டிஷ் பொருத்துவதைக் காட்டும் வீடியோக்களில் பெரும்பாலானவை வடநாட்டுக்காரர்கள் எடுத்தவை. டெல்லியில் இருந்து பார்த்தால் ஜிசாட்-15 தொடுவானத்திலிருந்து 52 டிகிரி உயரத்தில் இருக்கும். மதுரை வட்டாரத்தில் 68 டிகிரிக்கு மேல். திசை, வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் 122 டிகிரி, அதாவது தென்கிழக்கிலிருந்து இன்னும் சற்றுக் கிழக்கே சாய்ந்தது. இங்கே டிஷ் கிட்டத்தட்ட மல்லாந்து நிற்பதைப் பார்த்துத் தப்பாக மாட்டிவிட்டார்களோ என்று நினைக்க வேண்டாம், அப்படித்தான் நிற்க வேண்டும். இந்த இரண்டையும் பொருத்துபவர்கள் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார்கள், ஏனென்றால் தப்பினால் படமே வராது.

மூன்றாவது கோணத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். எல்என்பியைத் தன் பிடிக்குள் எவ்வளவு திருகி வைப்பது என்பது அது. சாட்டிலைட் நமக்கு நேர் தெற்கே இருந்தால் திருகவே வேண்டாம். கிழக்கே தள்ளி இருப்பதால் அதன் செங்குத்து நமக்குச் சாய்ந்து வந்து சேரும். டெல்லியில் இந்தச் சாய்வு 27 டிகிரி. நிலநடுக்கோட்டுக்கு நெருங்க நெருங்கச் சாய்வு கூடும், மதுரையில் கணக்குப் போட்டால் 57 டிகிரி வருகிறது. டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று சாட்டிலைட்டைப் பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருக வேண்டும். எல்என்பியின் கேபிள் முனை 6 மணி முள் இருக்குமிடத்திலிருந்து டெல்லியில் 5 மணிக்கு வரும், இங்கே 4 மணிக்கு வர வேண்டும்.

சித்தப்பா வீட்டு எல்என்பி 5 மணியில் இருந்தது. 30 டிகிரி பிசகு என்றால் நமக்கு வேண்டிய சிக்னலில் கால் பங்கு போய்விடும். அது ஒன்றேகால் டெசிபல்தான், தாங்கலாம். ஆனால் எதிர்த் துருவத்தில் என்ன ஓடுகிறதோ அதில் கால் பங்கு உள்ளே புகுந்துவிடும். அதைத்தான் தாங்க முடியாது. பிடியின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நான் மாடியில் திருக, சித்தப்பா கீழே டிவியைப் பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார். 4 மணிக்குப் பக்கத்தில் பார் நன்றாக ஏறியது. ஏறி இறங்கும் இடம் வரை போய்விட்டு, நடுவில் வந்து இறுக்கினேன். கணக்கு நம்மை அந்த இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். கடைசி இரண்டு மூன்று டிகிரியைக் குவாலிட்டி பாரைப் பார்த்துத்தான் முடிக்க முடியும். எண் மாறியதும் உடனே அடுத்த திருகல் வேண்டாம். ரிசீவர் சிக்னலைப் பிடித்து எண்ணைக் காட்ட ஒரு நொடி எடுக்கும்.

950–2150 மெகாஹெர்ட்ஸ் என்ற வரிக்கு வருவோம். வானத்திலிருந்து வரும் 11170 மெகாஹெர்ட்ஸ் அப்படியே கேபிளில் இறங்காது, நாலைந்து மீட்டரிலேயே பெரும்பகுதி செத்துவிடும். எல்என்பி தன் உள்ளே ஓடும் 9750ஐக் கழித்துவிட்டு 1420ஆகக் கீழே அனுப்புகிறது. சி பேண்ட் எல்என்பியில் கழித்தல் தலைகீழ்: 5150இலிருந்து 3966ஐக் கழித்தால் 1184. இரண்டுமே ரிசீவரின் எல்லைக்குள் வருகின்றன. மெனுவில் எல்என்பி வகை என்ற இடத்தில் கேயூவுக்கு 9750-10600, சி பேண்டுக்கு 5150 என்று போடச் சொல்வது இந்தக் கழித்தலுக்காகத்தான். அது மாறியிருந்தால் ஸ்ட்ரெங்த் இருந்தும் ஸ்கேனில் சேனல் விழாது, அல்லது தப்பான அலைவரிசை எண்ணில் விழும்.

டைசெக்கில் ஃப்ரீ டிஷ் போர்ட் 1, இன்டெல்சாட் போர்ட் 2 என்று வைத்தேன். 1.0 என்றால் நான்கு டிஷ் வரை போதும். மோட்டார் வைத்துத் திருப்புகிறவர்களுக்குத்தான் 1.2 வேண்டும்.

டிவிபி-எஸ்2, அதாவது சாட்டிலைட் ஒளிபரப்பின் புதிய முறை, என்ற வரியை மட்டும் விடக் கூடாது. பழைய டிவிபி-எஸ் முறையில் 29500 சிம்பல் ரேட் (விநாடிக்கு அனுப்பும் குறிகள், ஆயிரத்தில்), க்யூபிஎஸ்கே (ஒரு குறிக்கு 2 பிட்), 3/4 திருத்தம் (நாலில் ஒரு பங்கு பிழை திருத்தத்துக்கு) என்றால் ஒரு டிரான்ஸ்பாண்டரில் (சாட்டிலைட்டின் ஒரு ஒளிபரப்பு அலகு) விநாடிக்குச் சுமார் 40.8 மெகாபிட் வரும். அதே சிம்பல் ரேட்டில் எஸ்2 முறையின் 8பிஎஸ்கே (ஒரு குறிக்கு 3 பிட்) 2/3 வைத்தால் 58 மெகாபிட்டுக்கு மேல். 2005இல் வெளியான தரம் இது. எச்டி சேனல்கள் இதில் வருவதற்குக் காரணம் இந்த இடவசதிதான். கூடவே படத்தைச் சுருக்கும் எம்பெக்-4 முறை சேர்ந்தால் ஒரு எச்டி சேனல் 8 மெகாபிட் போல அடங்கிவிடும், பழைய எம்பெக்-2இல் அதற்கு இரட்டிப்பு ஆகும். ஃப்ரீ டிஷ்ஷிலேயே எம்பெக்-2 சேனல்களும் எம்பெக்-4 சேனல்களும் கலந்து ஓடுகின்றன. பழைய எம்பெக்-2 பெட்டி வைத்திருப்பவர்களுக்குச் சேனல் குறைவாகக் கிடைப்பது டிஷ்ஷின் குற்றமில்லை.

இப்போதுதான் 1080. சித்தப்பாவின் டிவி 32 அங்குலம், "எச்டி ரெடி" வகை. அதன் திரையில் இருப்பதே 1366×768 புள்ளிகள். ரிசீவர் 1920×1080 அனுப்பினாலும் டிவி அதைச் சுருக்கித்தான் காட்டும். ஆனாலும் 720×576இல் வரும் சாதாரண சேனலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைக் கழற்றிவிட்டு எச்டிஎம்ஐ போட்ட பிறகுதான் தெரிந்தது. அதுவரை எச்டி பெட்டியை அந்த மூன்று ஒயரில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வழியில் எச்டி வரவே வராது.

எச்டிஎம்ஐ மாட்டியதும் புதிதாக ஒன்று முளைத்தது. செய்திச் சேனலில் அடியில் ஓடும் எழுத்து விட்டுவிட்டு ஓடியது. "ஏப்பா, இந்த ஓடுற எழுத்து ஏன் இப்படிக் குதிக்குது? கண்ணு வலிக்குதே" என்றார் சித்தப்பா. மெனுவைப் பார்த்தால் வீடியோ அவுட்புட் 1080பி 60 என்று இருந்தது, அதாவது நொடிக்கு 60 படம். நம் ஊர் ஒளிபரப்பு 50. ஐந்து படத்தை ஆறாக்க ரிசீவர் ஒரு படத்தை இரண்டு முறை காட்டுகிறது. நொடிக்குப் பத்து தடவை இந்த உதறல். அந்த 60ஐ 50 ஆக்கியதும் எழுத்து வழுக்கிக்கொண்டு ஓடியது. "இப்பப் பாருங்க சித்தப்பா" என்றேன். ஒரு சுற்று எழுத்து முழுக்க ஓடும்வரை பார்த்துவிட்டு, "ஆமா, சரியாயிருச்சு" என்றார். எச்டி பெட்டி வைத்திருப்பவர்கள் தங்கள் மெனுவில் இந்த ஒன்றை மட்டுமாவது இன்றைக்கே பார்த்துவிடுங்கள். பல பெட்டிகள் 60இல்தான் கடையிலிருந்து வருகின்றன.

யூஎஸ்பியில் பென் டிரைவ் செருகிப் பதிவு செய்யும் வசதியும் இருந்தது. 8 மெகாபிட் எச்டி சேனல் என்றால் மணிக்கு 3.6 ஜிகாபைட். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. நல்ல மென்பொருள் உள்ள பெட்டி அங்கே துண்டு போட்டு அடுத்த கோப்பைத் தொடங்கும். இந்தப் பெட்டி சரியாகத் துண்டு போடுகிறது. படம் பதிவு செய்ய நினைப்பவர்கள் வாங்கியதும் இதைச் சோதித்துக்கொள்வது நல்லது.

மழைக்கு முன்னால் மாடியில் ஒரு வேலை பாக்கி இருந்தது. எல்என்பியின் எஃப் கனெக்டரில் பச்சை பூத்திருந்தது. ஈரமும் 18 வோல்ட்டும் சேர்ந்தால் நடுக்கம்பியை அரித்துத் தின்றுவிடும். முனையை வெட்டிப் புது கனெக்டர் போட்டு, பசையில்லாமல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினேன். கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், அப்போதுதான் தண்ணீர் மடிப்புக்குள் இறங்காது. கேபிளையும் அங்கே ஒரு வளையம் விட்டுக் கட்டினேன், நீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும். ஐப்பசி அடைமழையில் கேயூ பேண்ட் எப்படியும் கொஞ்ச நேரம் போகும். சி பேண்ட் அசையாது. செய்திச் சேனல்களைச் சி பேண்ட் பக்கமிருந்து பிடித்தமான பட்டியலில் சேர்த்து வைத்ததற்கு அதுதான் காரணம்.

எல்லாம் முடித்து இரண்டு சாட்டிலைட்டையும் முழு ஸ்கேன் போட்டபோது சில சேனல்களில் சத்தம் மட்டும் வந்தது, திரை கறுப்பு. இதற்கு டிஷ்ஷும் காரணமில்லை, கப்பாசிட்டரும் காரணமில்லை. அவை எச்.265 (எச்இவிசி) என்ற இன்னும் புதிய சுருக்க முறையில் வருபவை. இந்தப் பெட்டியின் சிப் எச்.264 (மேலே சொன்ன எம்பெக்-4) வரைதான் படிக்கும், மென்பொருள் மாற்றினாலும் படிக்காது. இதற்கு நேர்மாறாகப் படம் வந்து சத்தம் வராவிட்டால் அது ஏசி3 ஒலி, டால்பி உரிமம் வாங்காத மலிவுப் பெட்டிகளில் இது நடக்கும். முதலில் ரிமோட்டின் ஆடியோ பட்டனை அழுத்தி வேறு ஒலித்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். சித்தப்பா அந்தக் கறுப்புத் திரைச் சேனல்களை நீக்கச் சொல்லிவிட்டார், நீக்கிவிட்டுப் பட்டியலைப் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். இப்போது புதிதாக வாங்குகிறவர்கள் அட்டையில் எச்.265 அல்லது எச்இவிசி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கூடவே எல்என்பிக்கு எத்தனை மில்லி ஆம்பியர் தரும் என்பதையும்.